கம்ப்யூட்டர் முன் உங்கள் பிள்ளை: கண், கழுத்து, தூக்கம் பத்திரம்!

கம்ப்யூட்டர் வாங்கிய முதல் வாரம் எல்லார் வீட்டிலும் கொண்டாட்டம்தான். இரண்டாவது மாதத்தில் கேள்விகள் ஆரம்பிக்கும். "பையன் கண் கெட்டுப் போயிடுமா?", "பொண்ணு கழுத்து வலின்னு சொல்றா, இதனாலதானா?", "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார விடலாம்?" வைரஸ் பற்றிக் கேட்பவர்களைப் போலவே இப்படிக் கேட்பவர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் வைரஸுக்குப் புரோகிராம் சொல்லிவிடலாம். இந்தக் கேள்விகளுக்குக் கொஞ்சம் விளக்கமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு கதையுடன் தொடங்குகிறேன்.

என் அக்கா வீடு அரக்கோணத்தில் இருக்கிறது. கடந்த ஆண்டு ஏப்ரலில், முழுப் பரீட்சை முடிந்த கையோடு, அக்கா மகனுக்கு ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எந்த மாடல் என்று சொன்னதும், விண்டோஸ் 11 பதிந்து கொடுத்ததும் நான்தான். ஜூன் மாதக் கடைசியில் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, நீ சொல்லி வாங்கின கம்ப்யூட்டரால இவனுக்குத் தினமும் தலைவலி. கழுத்து வேற வலிக்குதாம், கண்ணு எரியுதாம். உங்க மாமா பவர் கேபிளைக் கழட்டி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாரு."

அந்தச் சனிக்கிழமையே சென்னையிலிருந்து மின்சார ரயில் ஏறிவிட்டேன்.

கடைசியாக மாற்றியது எது?

நான் சாப்ட்வேர் இன்ஜினியர். ஒரு புரோகிராமில் பிழை வந்தால் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி, "கடைசியாக எதை மாற்றினீர்கள்?" என்பதுதான். பெரும்பாலும் அங்கேயே பிழை அகப்பட்டுவிடும். அகப்படாத நாட்களும் உண்டு. மூன்று பிழைகள் சேர்ந்து வந்திருக்கும். மூன்றுக்கும் ஒரே காரணம் என்று நினைத்துத் தேடிக்கொண்டிருப்போம்.

அக்கா வீட்டில் நடந்தது அதுதான். வீட்டுக்குக் கடைசியாக வந்த பொருள் கம்ப்யூட்டர். எனவே எல்லாப் பழியும் அதன்மேல் விழுந்துவிட்டது. பையனை அருகில் உட்கார வைத்து, ஒவ்வொன்றும் எப்போது ஆரம்பித்தது என்று தனித்தனியாகக் கேட்டேன். கழுத்து வலி மே மாதம் முதல். கண் எரிச்சலும் மே மாதம் முதல். தலைவலி? "ஸ்கூல் தொறந்தப்புறம்தான் மாமா" என்றான்.

விடுமுறையில்தான் அவன் கம்ப்யூட்டர் முன் அதிக நேரம் உட்கார்ந்தான். அப்போது தலைவலி இல்லை. கேபிள் பூட்டப்பட்ட பிறகும் தலைவலி தொடர்ந்தது. அப்படியானால் இதற்குக் காரணம் வேறு ஏதோ ஒன்று. இது எனக்கு அன்றே உறைத்திருக்க வேண்டும். ஆனால் முதலில் கண்ணில் பட்ட தவறுகளைச் சரிசெய்யத் தொடங்கினேன். நீங்களும் அங்கிருந்தே தொடங்கலாம்.

கழுத்து வலி: மேசையும் நாற்காலியும்

அக்கா வீட்டில் மானிட்டர் ஒரு உயரமான மேசையில் இருந்தது. உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி. பையனின் கால் தரையைத் தொடவில்லை. மானிட்டரைப் பார்க்க முகத்தை மேலே தூக்க வேண்டும். கீ போர்டில் டைப் செய்யத் தோளைத் தூக்க வேண்டும். ஒரு மணி நேரம் இப்படி உட்கார்ந்தால் பெரியவர்களுக்கே கழுத்து பிடித்துக்கொள்ளும்.

கடைகளில் கிடைக்கும் மேசை, நாற்காலிகள் பெரியவர்களின் உயரத்துக்குச் செய்யப்பட்டவை. பிள்ளை அவற்றில் சரியாக உட்காரக் கீழ்க்கண்டவற்றைக் கவனித்திடவும்.

1. முழங்கை ஏறக்குறைய கீ போர்டின் உயரத்தில் இருக்க வேண்டும். தோள் தளர்ந்து, முழங்கை எல் வடிவில் மடங்கியிருக்க வேண்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் கெட்டியான தலையணை அல்லது மடித்த ஜமக்காளம் போடவும்.

2. பாதம் முழுவதும் எதன்மீதாவது படிந்திருக்க வேண்டும். தரை எட்டவில்லை என்றால் ஒரு மணைப்பலகையோ பழைய சூட்கேஸோ போதும்.

3. மானிட்டரின் மேல் விளிம்பு பிள்ளையின் கண் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். நாம் நிமிர்ந்து பார்க்கும் மானிட்டர் நல்லதல்ல. லேசாகக் கீழ்நோக்கிப் பார்ப்பதே கண்ணுக்கும் வசதி.

4. கையை நீட்டினால் விரல் நுனி திரையைத் தொடும் தூரத்தில் உட்கார வேண்டும்.

5. மவுஸ் கீ போர்டை ஒட்டியே இருக்கட்டும். எட்டி எட்டிப் பிடித்தால் தோள் வலிக்கும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதில் திரையும் கீ போர்டும் சேர்ந்தே இருப்பதால், திரை சரியான உயரத்தில் இருந்தால் கை உயரும். கை சரியாக இருந்தால் தலை குனியும். தனியாக ஒரு கீ போர்டும் மவுஸும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. அவற்றை இணைத்துவிட்டு, லேப்டாப்பை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் வைத்திடவும்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான், திருவள்ளூரை அடுத்த காக்களூரில், தொடங்கி வைக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து நான் பிளஸ் டூ படித்தபோது எனக்கும் ஒன்று கிடைத்தது. எங்கள் வீட்டில் மேசை கிடையாது. பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு, மோவாயைத் தலையணையில் வைத்து, மணிக்கணக்கில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் லேப்டாப் வாங்கிய எல்லாரும் அப்படித்தான் பார்த்தோம். எப்படி உட்கார வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது வேலைக்கு வந்த பிறகு, அந்தப் பழக்கத்தை விட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கண் எரிச்சல்: மானிட்டரைச் சரிசெய்யுங்கள்

சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் பதினைந்து முறை அளவில் கண் சிமிட்டுகிறோம். திரையைக் கூர்ந்து பார்க்கும்போது இது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. சிமிட்டும்போதுதான் கண்ணீர் கண் முழுவதும் பரவி ஈரத்தைத் தருகிறது. சிமிட்டல் குறைந்தால் கண் உலர்ந்து எரியும், சிவக்கும், தண்ணீர் விடும். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடித்தால் இன்னும் சீக்கிரம் உலரும். இது கண்ணின் அசதிதான். கண் கெட்டுப் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

அக்கா வீட்டில் மானிட்டருக்கு நேர் பின்னால் ஜன்னல். பகலில் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, சினிமா தியேட்டர் போல இருட்டில் பார்ப்பார்கள். மானிட்டரின் பிரைட்னஸ் கடையில் வைத்திருந்த அதே 100ல் இருந்தது. இவற்றை இப்படிச் சரிசெய்தோம்.

ஜன்னல் மானிட்டருக்குப் பின்னாலும் வேண்டாம், பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலும் வேண்டாம். பக்கவாட்டில் வரும்படி மேசையைத் திருப்பி வைக்கவும். இரவில் அறை விளக்கு எரியட்டும்.

பிரைட்னஸை அறையின் வெளிச்சத்துக்கு ஏற்றவாறு குறைக்கவும். ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். திரை, தாளைவிட விளக்குப் போல் எரிந்தால் பிரைட்னஸ் அதிகம் என்று பொருள். லேப்டாப் என்றால் விண்டோஸ் கீயுடன் ஐ கீயை அழுத்திடவும். செட்டிங்ஸ் விண்டோ கிடைக்கும். இதில் சிஸ்டம், பின்னர் டிஸ்பிளே என்பதைக் கிளிக் செய்தால் பிரைட்னஸ் ஸ்லைடர் காட்டப்படும். டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் இந்த ஸ்லைடர் இருக்காது. மானிட்டரின் கீழோ பின்னாலோ உள்ள பட்டன்களை அழுத்தி மெனுவில் மாற்ற வேண்டும்.

எழுத்தைப் பெரிதாக்கவும். அதே டிஸ்பிளே பக்கத்தில் ஸ்கேல் என்று ஒரு பிரிவு இருக்கும். அதில் 125% அல்லது 150% என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எழுத்து, ஐகான் எல்லாம் பெரிதாகும். எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால் செட்டிங்ஸில் அக்ஸசிபிலிட்டி, பின்னர் டெக்ஸ்ட் சைஸ் எனச் சென்று ஸ்லைடரை நகர்த்தி அப்ளை கிளிக் செய்திடவும். பிரவுசரில் படிக்கும்போது கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயை அழுத்தினால் பக்கம் பெரிதாகும். எழுத்து சின்னதாக இருப்பதால்தான் பிள்ளைகள் திரையை நோக்கிக் குனிகிறார்கள். "நிமிர்ந்து உட்காரு" என்று நூறு முறை சொல்வதைவிட ஒருமுறை இதை மாற்றுவது நல்லது.

கடைசியாக, 20-20-20 என்று ஒரு விதி உண்டு. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ள ஒரு பொருளை, 20 விநாடி பார்க்க வேண்டும். எதிர் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி போதும். நினைவூட்ட விண்டோஸிலேயே வசதி இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் கிளாக் என டைப் செய்து திறந்திடவும். டைமர் பிரிவில் 20 நிமிடம் அமைத்து ஸ்டார்ட் கிளிக் செய்தால், நேரம் முடிந்ததும் ஒலி எழுப்பும்.

திருத்தணிக்குப் போன நாள்

இவ்வளவும் செய்தோம். பீரோவிலிருந்து கேபிளும் வெளியே வந்தது. இரண்டே வாரத்தில் கழுத்து வலியும் கண் எரிச்சலும் போய்விட்டதாக அக்கா சொன்னாள். தலைவலி மட்டும் போகவில்லை.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திருத்தணிக்குக் கிளம்பினோம். அரக்கோணம் ஸ்டேஷனில் நின்றுகொண்டு, எந்த பிளாட்பாரம் என்று பார்க்கச் சொன்னேன். பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மின்னணுப் பலகையை நோக்கி நாலு அடி நடந்தான். பிறகு இன்னும் நாலு அடி. "என்னடா, தெரியலையா?" என்றேன். "எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு மாமா" என்றான். எனக்கு அதே தூரத்தில் தெளிவாகத் தெரிந்தது. அதுவும் என் கண்ணாடி போட்டிருந்ததால்தான்.

மறுநாள் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். இரண்டு கண்ணிலும் மைனஸ் பவர், கூடவே கொஞ்சம் சிலிண்டர் பவர். இரண்டு மூன்று மாதத்தில் வந்தது அல்ல, ஒரு வருடமாகவே இருந்திருக்கலாம் என்றார் மருத்துவர். ஜூனில் புது வகுப்பில் அவனுக்குக் கடைசி வரிசை பெஞ்ச். கரும்பலகையைப் பார்க்க நாள் முழுவதும் கண்ணைச் சுருக்கியதால் மாலையில் தலைவலி. கண்ணாடி போட்ட பிறகு தலைவலி நின்றது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. கிட்டப்பார்வை உள்ள பிள்ளைக்குக் கிட்டத்தில் உள்ளவை நன்றாகத் தெரியும். பவர் குறைவாக இருக்கும்போது புத்தகம், செல்போன், மானிட்டர் எல்லாமே தெரியும், கரும்பலகைதான் தெரியாது. வீட்டில் அவன் கம்ப்யூட்டரில் சிரமமில்லாமல் படிப்பதைப் பார்க்கும் அப்பா, அம்மாவுக்குச் சந்தேகமே வராது. பிள்ளையும் சொல்லாது. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் போல என்று நினைத்துக்கொள்ளும். நானும் பத்தாம் வகுப்பில் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்துத்தான் கணக்கு எழுதினேன். இன்ஜினியரிங் சேர்ந்த பிறகுதான் கண்ணாடி போட்டேன். என் வீட்டிலும் யாருக்கும் தெரியாது.

இது அபூர்வமானதும் அல்ல. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் தமிழ்நாட்டின் நகர, புறநகர்ப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2022ல் வெளியிட்ட ஆய்வில், 17.5% பேருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

கிட்டப்பார்வை எப்படி வருகிறது?

வளரும் வயதில் கண்விழி முன்பின்னாகக் கொஞ்சம் அதிகமாக நீண்டுவிடுகிறது. தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையின் மீது விழாமல் அதற்கு முன்பே குவிந்துவிடுகிறது. எனவே மங்கலாகத் தெரிகிறது. அப்பா, அம்மாவுக்குக் கண்ணாடி இருந்தால் வாய்ப்பு அதிகம். நீண்ட நேரம் மிகக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்பதும், பகல் வெளிச்சத்தில் வெளியே போகாமல் இருப்பதும் மற்ற காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இதில் கம்ப்யூட்டரைவிடச் செல்போனைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். மானிட்டரைக் கை நீளத் தூரத்தில் பார்க்கிறோம். போனைப் பிள்ளைகள் மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும் என்று சிலர் போடாமல் விடுகிறார்கள். இது தவறு. கண்ணாடி போடாமல் இருப்பதால் பவர் குறையாது, பாடம்தான் போகும். பவர் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்கு அதைக் குறைக்கச் சொட்டு மருந்தும் சிறப்புக் கண்ணாடிகளும் இன்று உள்ளன. அவை தேவையா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பவர் மிக அதிகமானால் பிற்காலத்தில் விழித்திரை விலகும் அபாயம் கூடும் என்பதால் அலட்சியம் வேண்டாம்.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரின் எதிரே பிள்ளையைப் பத்து அடி தூரத்தில் நிறுத்தவும். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு கிழமை, தமிழ்த் தேதி எல்லாம் படிக்கச் சொல்லவும். பிறகு அடுத்த கண். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால் இப்படிச் செய்தால்தான் தெரியும். அந்தக் குறையைச் சின்ன வயதில் கவனிக்காவிட்டால் அந்தக் கண் சோம்பேறிக் கண்ணாகி, பிறகு கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை கிடைக்காமல் போகலாம். இந்தச் சோதனையில் நன்றாகப் படித்துவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை முறையான கண் பரிசோதனை அவசியம்.

செலவுக்கு யோசிக்க வேண்டாம். தமிழக அரசு 2009ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டம், பள்ளி மாணவர்களுக்குக் கண் பரிசோதனை செய்து இலவசக் கண்ணாடி வழங்குவதற்காகவே வந்தது. 2013ல் மத்திய அரசு தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வருகின்றன. உங்கள் பிள்ளையின் வகுப்பாசிரியரிடம் கேட்டுப் பார்க்கவும்.

வெயிலில் விளையாட விடுங்கள்

அன்று திருத்தணியில் இன்னொன்றும் தெரிந்தது. மலைக்கு 365 படிகள். வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்வார்கள். என் அம்மா இரண்டு இடத்தில் மட்டும் உட்கார்ந்து ஏறிவிட்டார். பையன் பாதிப் படியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆடிய நேரம் எல்லாம் திரைக்குப் போயிருந்தது.

வெளியே விளையாடுவது உடம்புக்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் நல்லது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விளையாட்டு. மற்ற பள்ளிகளில் வழக்கம் போல. மூன்று ஆண்டு கழித்துப் பார்த்தபோது, வெளியே விளையாடியவர்களில் 30.4% பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. மற்றவர்களில் 39.5% பேருக்கு. இந்த முடிவு 2015ல் வெளியானது. நாற்பது நிமிட வெளிச்சத்துக்கே இந்த வித்தியாசம்.

காரணம் பகல் வெளிச்சத்தின் அளவு என்று கருதுகிறார்கள். வீட்டுக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே பகலில் பத்தாயிரம் லக்ஸுக்கு மேல். மர நிழலில்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு. எனவே நம் ஊர் உச்சி வெயிலில் நிற்க வேண்டியதில்லை. காலை எட்டு மணி, மாலை நாலரை மணி போதும். 5 முதல் 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம்.

தூக்கம், தீனி, ஹெட்போன்

6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம். இரவு பதினொன்று வரை கேம்ஸ் ஆடிவிட்டு, காலை ஐந்தரைக்கு டியூஷனுக்கு எழும் பிள்ளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கம்ப்யூட்டரையும் போனையும் அணைத்திடவும். கம்ப்யூட்டர் படுக்கை அறையில் வேண்டாம், எல்லாரும் நடமாடும் ஹாலிலேயே இருக்கட்டும். பிள்ளை என்ன பார்க்கிறான் என்பதும் தெரியும், எவ்வளவு நேரம் என்பதும் தெரியும்.

கீ போர்டுக்குப் பக்கத்தில் மிக்சர் தட்டு வைக்க வேண்டாம். கீ போர்டு கெடும் என்பது சின்ன விஷயம். திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அதனுடன் விளையாட்டும் நின்றால் எடை ஏறும்.

ஹெட்போன் வால்யூம் 60%க்கு மேல் போக வேண்டாம். நீங்கள் பக்கத்தில் நின்று சாதாரணமாகக் கூப்பிடுவது பிள்ளைக்குக் கேட்கவில்லை என்றால் வால்யூம் அதிகம்.

எவ்வளவு நேரம் அனுமதிக்கலாம்?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2022ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இப்படிச் சொல்கிறது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், உறவினர்களுடன் எப்போதாவது வீடியோ காலில் பேசுவதைத் தவிர. 2 முதல் 5 வயது வரை, பெரியவர் பக்கத்தில் இருக்க, ஒரு மணி நேரத்துக்குள். 5 முதல் 10 வயது வரை இரண்டு மணி நேரத்துக்குள். அதற்கு மேல் வயதானவர்களுக்கு, தூக்கம், விளையாட்டு, படிப்பு, குடும்பத்தாருடன் பேசுவது எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கிய பிறகு மீதி இருப்பது.

கொரோனா காலத்தில் வகுப்புகளே திரைக்கு வந்தபோதும், 2020 ஜூலையில் மத்தியக் கல்வித் துறை அளவு வைத்தது. எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளைக்கு 30 முதல் 45 நிமிட வகுப்புகள் இரண்டுக்கு மேல் கூடாது. 9 முதல் 12 வரை நான்குக்கு மேல் கூடாது. பாடத்துக்கே அளவு என்றால் விளையாட்டுக்கு வேண்டாமா?

இந்த அளவை விண்டோஸிலேயே அமைக்கலாம். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், பின்னர் ஃபேமிலி எனச் சென்று பிள்ளைக்குத் தனி அக்கவுண்ட் உருவாக்கிடவும். பின்னர் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி தளத்தில் ஸ்கிரீன் டைம் என்பதில், ஒவ்வொரு கிழமைக்கும் எத்தனை மணி நேரம், எந்த மணி முதல் எந்த மணி வரை எனக் குறித்திடலாம். நேரம் முடிந்தால் அந்த அக்கவுண்ட் பூட்டிக்கொள்ளும். ஒரு வேண்டுகோள்: பிள்ளையை உட்கார வைத்துப் பேசி, அவன் ஒப்புக்கொண்ட நேரத்தை அமைக்கவும். சொல்லாமல் பூட்டினால் அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடிப் போவான்.

கடையில் விற்பவற்றை நம்பலாமா?

"கம்ப்யூட்டர் கண்ணாடி" என்று நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிகளை விற்கிறார்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2023ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வில், கண் அசதி குறைவதில் இவற்றால் பெரிதாகப் பயன் இல்லை என்றே தெரியவந்தது. பவர் கண்ணாடி வாங்கும்போது அதற்கென்று கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. "மானிட்டரில் ரேடியேஷன் வரும், ஃபில்டர் மாட்டுங்கள்" என்பது பழைய பெட்டி மானிட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய எல்.இ.டி. மானிட்டருக்கு அது தேவையில்லை.

டாக்டரிடம் உடனே போக வேண்டியவை

கண் ஒன்று விலகிப் பார்த்தால், பார்வை திடீரென மங்கினால், கண் முன் மின்னல் போல ஒளி தெரிந்தால், காலையில் எழும்போதே தலைவலியும் வாந்தியும் இருந்தால், கை கால் மரத்துப் போனால் தாமதிக்க வேண்டாம். கம்ப்யூட்டரால் வந்தது என்று நினைத்து ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கும் விஷயங்கள் அல்ல இவை. விளையாட்டை நிறுத்தச் சொன்னால் சாப்பாடு, பள்ளி, தூக்கம் எல்லாவற்றையும் விட்டுவிடும் அளவுக்குப் பிள்ளை போய்விட்டால், அதையும் மருத்துவரிடம் சொல்லவும். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

அக்கா மகன் இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டாவது பெஞ்சில் இருக்கிறான். கம்ப்யூட்டர் ஹாலில், ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கிறது. மாலை நாலரை முதல் ஐந்தரை வரை தெருவில் கிரிக்கெட், அதன் பிறகுதான் மவுஸ் என்று ஒப்பந்தம். பவர் கேபிளைப் பூட்டியதற்காக மாமாவை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்கு வலி என்றால் எந்த அப்பாவும் அதைத்தான் செய்வார். ஆனால் கேபிளைப் பூட்டியதோடு பிரச்சினை தீர்ந்தது என்று விட்டிருந்தால், பையன் இன்னும் ஒரு வருடம் கரும்பலகை தெரியாமலே உட்கார்ந்திருப்பான்.

எனவே இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும், கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள்.